இழப்பில்லாத வழி: 160 மீட்டர் அலைகள் பாதி உலகைக் கடப்பது எப்படி?

பொழுதுபோக்காகச் சொந்த நிலையம் இயக்குவோரின் அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களுள், 1.8 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 160 மீட்டர் பேண்ட் அளவுக்குக் கணிப்புக்கு அடங்காதது வேறொன்று இல்லை. நடுப்பகலில் நூறு வாட் ஆற்றலோடு அனுப்பினால் சில நூறு கிலோமீட்டரைத் தாண்டத் திணறும் அலை, இரவில் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் எளிதாகச் செல்கிறது. குளிர்காலத்தின் சில நாட்களில், ஒரு முனையில் சூரியன் மறைந்து மறுமுனையில் இன்னும் உதிக்காமல் இருக்கும் சிறிய இடைவெளியில், அதே அலை பூமியின் எதிர்ப்பக்கத்தையே எட்டிவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடங்கள் தெளிவாகக் கேட்ட சமிக்ஞை பிறகு இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. மறுநாள் அதே நேரத்தில், அதே கருவிகளோடு, சூரியனும் புவிக்காந்தமும் முந்தைய நாளைப் போலவே அமைதியாக இருப்பதாக அளவீடுகள் காட்டும்போதும், எதுவும் கேட்பதில்லை.

இத்தகைய நெடுந்தூரப் பரவலைப் பற்றிப் பேசும்போது, அலையை அவ்வளவு தூரம் கொண்டுசென்றது எது என்றுதான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இந்தத் தாழ் அதிர்வெண்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நம்மைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது என்பது என் கருத்து. அலையைத் திருப்பி அனுப்பும் திறன், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டத் துகள்கள் கொண்ட அயனிமண்டலத்துக்கு இங்கே எப்போதும் இருக்கிறது, 1.8 மெகாஹெர்ட்ஸ் அலை அதை ஊடுருவி விண்வெளிக்குத் தப்பிச் செல்வது மிக அரிது. ஆகவே ஒவ்வோர் அசாதாரண நிகழ்விலும் ஆராய வேண்டியது, வழக்கமாக அலையைத் தின்றுவிடும் இழப்புகள் அன்று ஏன் நேரவில்லை என்பதே. இந்த நோக்கில் பார்த்தால், தொடர்பற்றவையாகத் தோன்றும் பல கவனிப்புகள் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு வானொலியின் தொடக்க ஆண்டுகளிலேயே தெரியவந்தது. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து அனுப்பப்பட்ட மோர்ஸ் புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அந்தச் சோதனை பகலில் நடந்தது. பயன்பட்ட அதிர்வெண் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அந்த நேரத்தில் அப்பாதையில் நேர்ந்திருக்க வேண்டிய இழப்பைக் கணக்கிடுபவர்கள் அவருடைய கூற்றை இன்றும் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1902 பிப்ரவரியில் கிடைத்தது. பிலடெல்பியா என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தபடியே மார்க்கோனி போல்டூவின் சமிக்ஞைகளைப் பதிவுசெய்தபோது, இரவில் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் அவை கிடைத்தன. பகலிலோ 1,100 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று தனித்தனியே முன்மொழிந்தனர். 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் பிபிசியின் போர்ன்மத் ஒலிபரப்பியைக் கொண்டு நடத்திய சோதனை அந்த அடுக்கின் இருப்பை நேரடியாக மெய்ப்பித்தது.

அமெச்சூர்கள் இந்த வரலாற்றுக்குள் வந்தது ஒருவகையில் ஒதுக்கப்பட்டதால்தான். அமெரிக்காவின் 1912 ஆம் ஆண்டு வானொலிச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்கு உட்பட்ட அலைநீளங்களுக்குத் தள்ளியது. நீண்ட அலைகளே நெடுந்தூரம் செல்லும் என்று அந்நாளில் நம்பப்பட்டது. 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில், ஹெரால்ட் பெவரேஜ் வடிவமைத்த நீண்ட கிடைக்கம்பி ஆன்டெனாவை அமைத்து, 230 மீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் இயங்கிய கனெக்டிகட் நிலையம் ஒன்று உட்பட இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய் 100 மீட்டர் அளவில் அமெரிக்காவோடு முதல் இருவழித் தொடர்பை ஏற்படுத்தினார். அதன்பின் அமெச்சூர்களின் கவனம் இன்னும் குறைந்த அலைநீளங்களை நோக்கிச் சென்றது. 160 மீட்டர் உள்ளூர் உரையாடலுக்கு உரியதாகப் பின்தங்கியது. இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய லோரான் ஏ என்ற கப்பல் வழிகாட்டி அமைப்பு இந்தப் பேண்டையே ஆக்கிரமித்ததால், பல பத்தாண்டுகள் அமெச்சூர்கள் குறைந்த ஆற்றலிலும் குறுகிய துண்டுகளிலுமே இயங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் நெடுந்தூர முயற்சிகளை விடாமல் ஒருங்கிணைத்த அமெரிக்கரான ஸ்டூவர்ட் பெர்ரியின் பெயரில் டிசம்பர்தோறும் ஒரு போட்டி நடக்கிறது. தொடர்புகளின் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கில் கொண்டு மதிப்பெண் தருவது அதன் சிறப்பு. இந்தப் பேண்டுக்கு அதைவிடப் பொருத்தமான அளவுகோல் இருக்க முடியாது.

இழப்புகளில் முதன்மையானது டி அடுக்கில் நேர்கிறது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. வானொலி அலை அந்த எலக்ட்ரான்களை அதிரவைக்கிறது. உயரமான அடுக்குகளில், அதிரும் எலக்ட்ரான் தான் பெற்ற ஆற்றலை மீண்டும் அலையாகவே வெளியிடுகிறது. டி அடுக்கிலோ காற்று அடர்த்தியாக இருப்பதால், வெளியிடுவதற்கு முன்பே அது ஒரு நடுநிலை மூலக்கூறோடு மோதுகிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒவ்வோர் அலைவுக்கும் எலக்ட்ரான் அதிகத் தூரம் வீசப்படுவதால் இந்த உறிஞ்சலும் அதிகரிக்கிறது. டெசிபலில் கணக்கிடும்போது, அது ஏறத்தாழ அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். அந்தக் கணக்கின்படி, 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் இழப்பைத் தரும் பாதை 1.8 மெகாஹெர்ட்ஸில் அறுபது டெசிபல் இழப்பைத் தரும். அதாவது ஆற்றலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே எஞ்சும். புவிக்காந்தப்புலத்தின் விளைவைச் சேர்த்தால் இந்த எண் மாறும் என்றாலும், பகலில் 160 மீட்டர் ஏன் உயிரற்றுக் கிடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலக்ட்ரான்கள் விரைவாக அயனிகளோடு மீண்டும் இணைகின்றன. இன்னும் உயரத்தில், காற்று மிக மெலிந்த எஃப் அடுக்கில் அந்த இணைவு மெதுவாக நடப்பதால், திருப்பி அனுப்பும் அடுக்கு இரவிலும் எஞ்சியிருக்கிறது. முழு சூரிய கிரகணங்கள் இதையே பகலில் சோதித்துக் காட்டுகின்றன. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த கிரகணத்தின்போது ஹாம்சை என்ற அமெச்சூர் அறிவியல் அமைப்பு திரட்டிய தானியங்கி வாங்கிகளின் பதிவுகளில், 14 மெகாஹெர்ட்ஸ் தொடர்புகள் குறைய, 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் அவை மேம்பட்டன. ஒரே நிழல் மேல் பேண்டுகளுக்குத் தேவையான அயனியாக்கத்தைக் குறைத்தது; கீழ்ப் பேண்டுகளின் பகையான டி அடுக்கையும் தணித்தது.

ஆனாலும் டி அடுக்கு மறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நெடுந்தூரத்தை விளக்கிவிட முடியாது. பாடநூல்கள் காட்டும் படத்தில், அலை தரைக்கும் எஃப் அடுக்குக்கும் இடையே தாவித் தாவிச் செல்கிறது. ஒரு தாவலின் எல்லை 4,000 கிலோமீட்டரைத் தாண்டாது. 18,000 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து தாவல்களாவது வேண்டும், நடைமுறையில் ஆறு அல்லது ஏழு. இரவிலும் டி அடுக்கின் எச்சம் முற்றாக நீங்குவதில்லை. பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் சிதறடித்துத் தரும் புற ஊதா ஒளியும் விண்மீன் ஒளியும் அண்டக்கதிர்களும் சிறிதளவு அயனியாக்கத்தைத் தொடர்ந்து தந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தாவலிலும் அலை அந்த எச்சத்தை இருமுறை கடக்கிறது. தரையில் மோதும்போதும் ஒரு பகுதியை இழக்கிறது. இவை அனைத்துக்கும் சேர்த்துத் தாவலுக்குப் பத்து டெசிபல் என்று வைத்துக்கொண்டாலே ஆறு தாவல்களில் அறுபது டெசிபல் போய்விடும். தூரத்தால் அலை விரிந்து நலிவது அதற்கு மேல். எளிய கம்பி ஆன்டெனாவும் நூறு வாட்டும் உடைய நிலையம் பூமியின் மறுபக்கத்தில் காதால் கேட்கும் அளவுக்கு எட்டுவதை இந்தக் கணக்கு அனுமதிப்பதில்லை. ஆயினும் அது நிகழ்கிறது. எனவே மாற்றப்பட வேண்டியது தாவல் என்ற அந்தப் படமே.

இங்கே இரண்டு செய்திகள் முக்கியமாகின்றன. முதலாவது, புவிக்காந்தப்புலம். காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான் தனக்கே உரிய ஒரு வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சுழல் அதிர்வெண் அயனிமண்டல உயரத்தில் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 0.7 முதல் 1.7 மெகாஹெர்ட்ஸ் வரை வேறுபடுகிறது. 160 மீட்டர் பேண்ட் அதன் வாசலிலேயே இருக்கிறது. மற்ற அமெச்சூர் பேண்டுகளில் சிறு திருத்தமாக மட்டும் வரும் இந்த விளைவு, இங்கே முதன்மை விதியாகிவிடுகிறது. அயனிமண்டலத்துக்குள் நுழையும் அலை சாதாரண அலை, அசாதாரண அலை என இரண்டாகப் பிரிகிறது. அசாதாரண அலையின் மின்புலம் எலக்ட்ரான் சுழலும் திசையிலேயே சுழல்வதால் அது எலக்ட்ரான்களை மிகுதியாக அசைத்து, மோதல்களில் தன் ஆற்றலை விரைவில் இழக்கிறது. நெடுந்தூரம் போய்ச் சேர்வது பெரும்பாலும் சாதாரண அலை மட்டுமே. ஆகவே ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் ஆற்றலில் எவ்வளவு பங்கு அந்த அலைக்குச் செல்கிறது என்பதே தொடர்பைத் தீர்மானிக்கும். நடு, உயர் அட்சரேகைகளில் செங்குத்து ஆன்டெனா அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில், புலம் வடக்குத் தெற்காகக் கிடைமட்டமாக இருப்பதால், கிழக்கிலோ மேற்கிலோ அனுப்பப்படும் அலையில் சாதாரண வகை கிடைமட்ட மின்புலத்தை எதிர்பார்க்கிறது. அங்கே செங்குத்து ஆன்டெனாவின் ஆற்றலில் பெரும்பகுதி விரைவில் அழியும் வகைக்கே போய்ச் சேர்கிறது. ஓர் இடத்தில் சிறந்து விளங்கிய ஆன்டெனா இன்னோர் இடத்தில் ஏமாற்றம் தருவதற்கு மண்ணின் ஈரப்பதத்தை மட்டும் காரணம் காட்டுவது போதாது என்பதை இது உணர்த்துகிறது.

அலை எலக்ட்ரான்களை உண்மையிலேயே சூடாக்குகிறது என்பதற்குச் சான்று 1933 இலேயே கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தை நெதர்லாந்தில் கேட்டுக்கொண்டிருந்த டெலகென் என்ற பொறியாளர், அதன் பின்னணியில், வேறோர் அதிர்வெண்ணில் இயங்கிய லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சியும் ஒலிப்பதைக் கவனித்தார். பெரும் ஆற்றல் கொண்ட லக்சம்பர்க் அலை தன் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அயனிமண்டலத்தின் எலக்ட்ரான்களைச் சூடாக்கி, அவ்வழியே சென்ற மற்றோர் அலையின் உறிஞ்சலையும் மாற்றியிருந்தது.

இரண்டாவது செய்தி, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது, இ அடுக்குக்கும் எஃப் அடுக்குக்கும் இடையே இரவில் தோன்றும் எலக்ட்ரான் பள்ளம், அதாவது எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த பகுதி. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இ அடுக்கு இரவிலும் மெலிதாக எஞ்சுகிறது. செங்குத்தாக வரும் அலையில் அரை மெகாஹெர்ட்ஸ் அளவு வரைதான் அதனால் திருப்ப முடியும். ஆனால் சாய்வாக வரும் அலையை அதே அடுக்கு பலமடங்கு உயர்ந்த அதிர்வெண்ணிலும் வளைக்கும். இதன் விளைவு வழக்கமான எண்ணத்துக்கு மாறானது. தொடுவானத்தை ஒட்டி மிகத் தாழ்ந்த கோணத்தில் வெளியேறும் 1.8 மெகாஹெர்ட்ஸ் அலையால் இ அடுக்கைத் தாண்டவே முடியாமல் போகலாம்; அது குட்டையான பல தாவல்களில் டி அடுக்கின் எச்சத்தையும் தரையையும் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தேய்கிறது. சற்று உயர்ந்த கோணத்தில் சென்ற அலை இ அடுக்கை ஊடுருவி எஃப் அடுக்கை அடைகிறது. எஃப் அடுக்கிலிருந்து கீழே வளையும்போது அடுக்குகள் சற்றுச் சரிந்திருந்தால், அந்த அலை இ அடுக்கின் மேற்புறத்தைச் சாய்வாகத் தொட்டு மீண்டும் மேலே திரும்புகிறது. அதன்பின் அது இரு அடுக்குகளுக்கும் நடுவே, டி அடுக்கையும் தரையையும் சந்திக்காமல், கூரைக்கும் பரணுக்கும் இடையே மாட்டிக்கொண்ட பறவையைப் போல அங்கேயே பயணிக்கிறது. அந்த உயரத்தில் மோதல்கள் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கணிசமான இழப்பே இல்லாத ஒரு வழி அமைகிறது. கதிர்களின் தடத்தைக் கணினியில் கணித்துப் பார்க்கும் ஆய்வுகள் இத்தகைய பாதைகள் இயல்பாகவே தோன்றுவதைக் காட்டுகின்றன.

அப்படி ஒரு வழி இருந்தால், அதற்குள் நுழையவும் அதிலிருந்து வெளியேறவும் வாயில்கள் வேண்டும். அடுக்குகள் கிடைமட்டமாக ஒரே சீராக இருந்தால், உள்ளே நுழைந்த அலை அதே கோணத்தில் வெளியேறிவிடும். வெளியிலிருப்பது உள்ளே வராது. சரிவு இருந்தால்தான் சிக்கும், சரிவு இருந்தால்தான் விடுபடும். பூமியில் நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் மிகப் பெரிய சரிவு, பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டியது. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர்கள் கிரே லைன் என்று குறிப்பிடும் வட்டம் அதுதான். நிலநடுக்கோட்டுப் பகுதியில், தரையில் சூரியன் தோன்றுவதற்குச் சுமார் நாற்பது நிமிடங்களுக்கு முன்பே 100 கிலோமீட்டர் உயரமும், ஒரு மணி நேரத்துக்கும் முன்பே 300 கிலோமீட்டர் உயரமும் சூரியனைக் காண்கின்றன. டி அடுக்கு இன்னும் வலுப்பெறாத அந்த இடைவேளையில், மேலே அடுக்குகள் வேகமாக மாறிச் சரிகின்றன. நெடுந்தூரச் சமிக்ஞைகள் விடியலை ஒட்டிச் சில நிமிடங்கள் திடீரென வலுப்பதற்கு இதுவே மிகப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. தனியே நின்று பார்த்தால் புதிராகத் தோன்றும் இன்னொரு கவனிப்பும் இதற்குத் துணைநிற்கிறது. இரவு முழுவதும் உயரமான செங்குத்து ஆன்டெனாவே சிறந்து விளங்க, விடியல் நெருங்கும்போது தரைக்கு அருகில் கட்டிய கிடைக்கம்பி அதை முந்திவிடுவதைப் பல நிலையங்கள் கண்டிருக்கின்றன. தாழ்ந்த கிடைக்கம்பி வானத்தின் உச்சியை நோக்கிய உயர் கோணங்களுக்கே நன்றாக வேலை செய்யும். பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் சமிக்ஞை உயர் கோணத்தில் இறங்குகிறது என்றால், பாடநூல் தாவல்களால் அதை விளக்குவது கடினம். மேலே உள்ள ஒரு வழியிலிருந்து தலைக்கு மேல் கசிந்து இறங்குகிறது என்றால் அது இயல்பானதாகிவிடுகிறது.

எதிர்ப்புள்ளிக்கு அருகிலுள்ள தொடர்புகளில் இந்தக் காரணிகள் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு நேர் எதிர்ப்புள்ளி பெர்முடாத் தீவுக்கு அருகில் விழுகிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரை பெர்த்திலிருந்து 18,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். டிசம்பர் இறுதியில் பெர்த்தில் சூரியன் மறைவது உலக நேரப்படி காலை 11.20 மணி அளவில்; பாஸ்டனில் அது உதிப்பது 12.10 மணி அளவில். இரு முனைகளும் ஒருசேர இருளில் இருப்பது முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இடைவெளிதான். அந்நேரத்தில் இருளின் நடுப்பகுதி பசிபிக் பெருங்கடலின் மேல் இருக்கிறது; இரு முனைகளும் ஒரே நேரத்தில் பகலிரவு எல்லையை ஒட்டி நிற்பதால், நுழைவாயில் ஒரு முனையிலும் வெளிவாயில் மறுமுனையிலும் அமைகின்றன. மேலும், எதிர்ப்புள்ளியை நெருங்கும்போது பல திசைகளில் புறப்பட்ட அலைகள் மீண்டும் குவிவதால், வழியில் விரிந்து நலிந்ததில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படுகிறது. இவ்வளவு சாதகங்கள் சேர்ந்தும் பல நாட்களில் அந்தப் பாதை மௌனமாகவே இருக்கிறது.

திசை மாறி வரும் சமிக்ஞைகள் இன்னொரு வகை. இரு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. அலை அதன் வழியே வரும் என்று எதிர்பார்த்து ஆன்டெனாவைத் திருப்புகிறோம். வட ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கும் இடையிலான பெருவட்டப் பாதை துருவ ஒளி வளையத்தை ஊடுருவிச் செல்கிறது. அங்கே வந்து பாயும் துகள்கள் டி அடுக்கின் உயரத்தில் இரவிலும் அயனியாக்கத்தை உண்டாக்கி அலையை உறிஞ்சிவிடுகின்றன. அப்போதும் சில இரவுகளில் சமிக்ஞை கேட்கிறது. ஆனால் வடக்குத் திசையை விட்டு, தென்கிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வருகிறது. துருவ வளையத்தின் தென்புற விளிம்பில் எலக்ட்ரான் அடர்த்தி பக்கவாட்டில் கூர்மையாக மாறுவதும், பகலிரவு எல்லையின் சரிவும் அலையைப் பக்கமாக வளைக்கின்றன என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நேர்வழியில் இழப்பு அதிகமாகவும் சுற்றுவழியில் குறைவாகவும் இருக்கும்போது, எஞ்சி வந்து சேர்வது சுற்றுவழியில் வந்த பகுதிதான். அலை வழியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதைவிட, பல வழிகளில் சென்றதில் ஒன்று மட்டும் பிழைத்தது என்று சொல்வதே சரி. பல திசைகளை நோக்கிய பெவரேஜ் ஆன்டெனாக்களை உடைய நிலையங்களே இதைக் கண்டறிய முடிந்தது என்பதால், ஒரே திசையில் மட்டும் கேட்கும் நிலையம் பேண்ட் மூடிவிட்டதாக எண்ணிக் கருவியை அணைத்துவிடும் வாய்ப்பும் உண்டு.

ஒரு பகுதியில் மட்டும் ஒளிவட்டம் விழுந்ததுபோலச் சமிக்ஞை கிடைப்பதும் அடிக்கடி பதிவாகிறது. இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குள் உள்ள இரு நிலையங்களில் ஒன்று தொலைதூர நிலையத்தை உரக்கக் கேட்க, சமமான கருவிகளை உடைய மற்றொன்று எதையும் கேட்பதில்லை. அரை மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகிறது. மேலே உள்ள வழியிலிருந்து அலை எங்கெல்லாம் கசிந்து இறங்குகிறதோ அங்கெல்லாம்தான் அது கேட்கும் என்று கொண்டால், இந்த நடத்தை வியப்புக்குரியதாக இருக்காது. சீரான தாவல்கள் பரந்த நிலப்பரப்பை ஒரே அளவில் எட்டியிருக்க வேண்டும்.

புவிக்காந்த அளவீடுகளை மட்டும் நம்பி 160 மீட்டரைக் கணிக்க முயல்பவர்கள் ஏமாற்றமடைவதும் இதனால்தான். புவிக்காந்தப்புலத்தின் கலக்கத்தைக் காட்டும் கே குறியீட்டெண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது துருவப் பாதைகள் திறப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. அது உயரும்போது அவை மூடிக்கொள்கின்றன. இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். நடு அட்சரேகைப் பாதைகளுக்கு அத்தகைய எளிய தொடர்பு கிடையாது; காந்தப்புயல் தொடங்கும் தறுவாயில் நிலைமை மேம்பட்டதாகப் பலர் பதிவுசெய்திருக்கின்றனர். சூரியச் செயற்பாடு குறைந்த ஆண்டுகள் பொதுவாகச் சாதகமானவை. டி அடுக்கின் எச்சமும் துருவப் பகுதித் தொல்லைகளும் அப்போது குறைவு. குளிர்கால இரவுகள் நீண்டவை, அவற்றில் இடிமின்னல் இரைச்சலும் குறைவு. நிலநடுக்கோட்டைத் தாண்டும் பாதைகளில் ஒரு முனைக்குக் குளிர்காலம் என்றால் மறுமுனைக்குக் கோடைகாலம் என்பதால், பகலும் இரவும் சமமாகும் மாதங்கள் அங்கே ஏற்றவை. இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும் சூழல்கள். குறிப்பிட்ட ஒரு விடியலில் பள்ளம் எந்த வடிவில் அமையும் என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது.

160 மீட்டரை விடத் தாழ்ந்த இரு பேண்டுகள் இந்த நூற்றாண்டில் அமெச்சூர்களுக்குக் கிடைத்தன: 2007 ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை, 2012 இல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை. இரண்டும் புவிக்காந்தச் சுழல் அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பவை. அவற்றின் இயல்பு வேறு. 137 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 2,200 மீட்டர். அலை அயனிமண்டலத்துக்குள் ஆழமாகப் புகாமல், பகலில் டி அடுக்கின் அடிப்பகுதியிலும் இரவில் அதற்குச் சற்று மேலேயும் திரும்பிவிடுகிறது. தரையும் அந்த அடிப்பகுதியும் சேர்ந்த இடைவெளியில் அது வழிநடத்தப்படுவதால் பகலிலும் ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குச் செல்ல முடிகிறது. கால் அலைநீளக் கம்பத்துக்கே 550 மீட்டர் உயரம் வேண்டும் என்பதால், வீட்டுத் தோட்டத்து ஆன்டெனாவுக்குச் சில நூறு வாட் கொடுத்தாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே அலையாக வெளியேறுகிறது. அத்தனை சிறிய ஆற்றல் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறது. பெரிய காந்தப்புயலுக்குப் பின் இந்தப் பேண்டில் இரவுச் சமிக்ஞைகள் சில நாட்கள் நலிந்தே இருக்கும். புயல் ஓய்ந்த பிறகும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களிலிருந்து எலக்ட்ரான்கள் தொடர்ந்து உதிர்வதே அதற்குக் காரணம்.

அந்த வெற்றிகளில் அயனிமண்டலத்தின் பங்கு எவ்வளவு, கணினியின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008 இல் வெளியிட்ட விஸ்பர் முறை, ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள சமிக்ஞையை இரண்டு நிமிட இடைவெளிக்குள் அனுப்பி, 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலைவிட 28 டெசிபல் தாழ்ந்திருந்தாலும் மீட்டெடுக்கிறது. அதன்பின் வந்த மெதுவான முறைகளில் ஒரே செய்திக்கு அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்வனவும் உண்டு. பயிற்சி பெற்ற காதுக்குக்கூட எட்டாத சமிக்ஞைகள் இப்போது நாள்தோறும் பதிவாகின்றன. எனவே, முன்பு அரிதாக இருந்த தொடர்புகள் இன்று பெருகியிருப்பதைப் பார்த்துப் பரவல் மேம்பட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. எப்போதும் வந்துகொண்டிருந்த மெல்லிய பகுதி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையான அசாதாரண நிகழ்வைக் கண்டறிய, ஒரே பாதையின் பல மாதப் பதிவுகளில் வழக்கமான அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து இருபது டெசிபல் அளவுக்கு விலகும் நேரங்களைத் தேட வேண்டும். தானியங்கிப் பதிவுகள் குவிந்திருப்பதால் இது இன்று யாராலும் செய்யக்கூடிய வேலை.

இந்த வேலை அமெச்சூர்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அயனிமண்டலத்தை நாள்தோறும் அளக்கும் அயனோசோண்ட் கருவிகள் தரையிலிருந்து செங்குத்தாக அலைகளை அனுப்பி எதிரொலியைக் கேட்பவை. பெரும்பாலானவை ஒரு மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோதான் தொடங்குகின்றன. ஆகவே இரவின் மெலிந்த இ அடுக்கு அவற்றின் பார்வைக்குக் கீழே விழுந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள பள்ளத்தை எந்த அதிர்வெண்ணிலும் அவற்றால் நேரடியாகக் காண முடியாது, ஏனெனில் அடர்த்தி குறையும் இடத்திலிருந்து எதிரொலி வருவதில்லை. பள்ளத்தை நேரடியாக அளக்கவல்ல பெரும் ரேடார்கள் உலகில் மிகச் சில; அவற்றுள் ஒன்றான அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. பரவலைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் வோகாப் மென்பொருள் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கே உருவாக்கப்பட்டது. 160 மீட்டர் அதன் எல்லைக்கே வெளியே நிற்கிறது.

தாவலா, அடுக்குகளுக்கு இடையிலான வழியா என்ற கேள்வியைத் தீர்க்க வலிமை அளவீடுகள் மட்டும் போதமாட்டா. வந்துசேரும் கோணமும் பயண நேரமும் வேண்டும். 18,000 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஏறத்தாழ 60 மில்லிவினாடி ஆகிறது. தரைக்கும் எஃப் அடுக்குக்கும் இடையே ஏறி இறங்கி வருவது பாதையைச் சில சதவீதம் நீட்டுவதால், இரு விளக்கங்களும் முன்னுரைக்கும் தாமதங்கள் ஓரிரு மில்லிவினாடி வேறுபட வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு இணைத்த கடிகாரம் மில்லிவினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட நுட்பமானது. அத்தகைய கடிகாரமும் கணினி வழி வாங்கியும் இன்று பல அமெச்சூர் நிலையங்களில் இருக்கின்றன. குறித்த நொடியில் தொடங்கும் சிறு குறியீட்டுத் துடிப்புகளை இரு முனைகளும் குளிர்காலம் முழுவதும் பரிமாறிக்கொண்டு, விடியலின் அந்தச் சில நிமிடங்களில் தாமதம் குறைகிறதா என்று பார்த்தால், இந்த விளக்கம் நிற்கிறதா விழுகிறதா என்பது தெரிந்துவிடும்.